தொண்டை கறுத்த தவளை

இரவு ஏழு மணி. சண்டிலிப்பாய்க்கு அப்பால், தோட்டங்களுக்குள் போகும் ஒழுங்கை. ஐப்பசியின் முதல் மழை அப்போதுதான் விட்டிருந்தது... புழுதி நனைந்த மணம். அந்த வழியில் தனியே மோட்டார் சைக்கிளில் போனவன் பிரணவன், என் நண்பன் டிலானின் மச்சான். தவளை ஆராய்ச்சி செய்கிறவன். சிரிக்காதீர்கள். சிரிக்கிற கதை இல்லை.

அவன் தேடியது உருண்டையான ஒரு தவளை. வருடம் முழுக்க மண்ணுக்குள் கறையான் தின்று கிடக்கும். பின்னங்காலால் தோண்டி, பின்பக்கமாகவே இறங்கிவிடும். முதல் மழைக்கு மட்டும் மேலே வந்து இரண்டு மூன்று இரவு கத்தும். பிறகு அடுத்த வருடம்தான்.

அங்கே ரேச்சல் ரீச்சரின் காணியில் மூடிய கிணறு ஒன்று. போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்துக்கான பாதை பூட்டியிருந்தபோது, ரியூசனுக்குப் போன அவருடைய மகன் ஜெரிசன் திரும்பவில்லை. அதே கிழமை அந்தக் கிணற்றைக் கல்லும் மண்ணும் போட்டு மூடினார்கள். யாரென்று ஊருக்கே தெரியும். ஒரு வாயாவது திறந்ததா? முதல் மழைக்கெல்லாம் அதற்குள் அனுங்குகிற சத்தம் கேட்கிறது, தோண்டிப் பார்க்காமல் காணியை விற்க விடமாட்டேன் என்று ரீச்சர் ஒரே பிடியாக நின்றார். விற்கத் துடித்த தம்பி இராசசிங்கம்தான் பிரணவனைக் கூப்பிட்டவர்.

"அது தவளை எண்டு அக்காவுக்குக் காட்டிவிடுங்கோ தம்பி. அதொண்டு காணும்."

மூவரும் கிணற்றடியில் நின்றார்கள். ம்ம்ம்ம்... என்று வந்தது.

"அம்மா நிக்கிறன் மோனே," என்றார் ரீச்சர். சத்தம் நின்றது.

பிரணவன் ஈரமண்ணைக் கிளறினான். உருண்டையாக ஒன்று அகப்பட்டது. ரீச்சரின் உள்ளங்கையில் மல்லாத்தி வைத்துப் படம் எடுத்தான்.

"இதுதான் கத்தினது, ரீச்சர்."

"உதுவோ? இவ்வளவு காலமும் உதோடையோ நான் கதைச்சனான்?"

"ஓம் அக்கா, உதுதான்," என்றார் இராசசிங்கம், அவசரமாக.

ரீச்சர் அழவில்லை. மறுநாளே கையெழுத்துப் போட்டார். கார்த்திகைக்குள் கிணற்றின்மேல் கொங்கிறீற் விழுந்தது. தை மாதம் ரீச்சர் செத்துப்போனார். மகன் கூப்பிடுகிறான் என்ற ஒன்றில்தான் அந்த மனுசி உயிரோடு இருந்தவர். அதையும் பிடுங்கியாயிற்று.

செத்தவீடு முடிந்த பிறகுதான் பிரணவன் அந்தப் படத்தை வடிவாகப் பார்த்தான். இந்தச் சாதியில் ஆண் தவளைதான் கத்தும். அதன் தொண்டை கறுத்திருக்கும். படத்தில் இருந்ததன் தொண்டை வெள்ளை.

பெண் தவளை. அது கத்தாது.

இராசசிங்கத்துக்கு ஃபோன் எடுத்துச் சொன்னான்.

"உதை ஒருதருக்கும் சொல்லாதேங்கோ தம்பி."

போன கிழமை இந்த வருடத்தின் முதல் மழை. பிரணவன் போய் அந்தக் கொங்கிறீற்றின்மேல் நின்றான். கீழே... ம்ம்ம்ம். பிறகு நின்றது. ரீச்சர் பதில் சொல்கிற அளவு நேரம் காத்திருந்தது.

பிறகு, இன்னும் பலமாகக் கூப்பிட்டது.