ஆயிரமாவது நாளும் ஒரு கண்ணும்

— ஃபேக்டரி லைன்ல எவனாச்சும் கூலிங் கிளாஸ் போட்டுக்கினு நிப்பானா? கழட்டு செந்தமிழா.

— வேணாம் சார்.

— சேஃப்டி ஆபீசர் சொல்றேன், கழட்டு... அய்யய்யோ. இன்னாப்பா, கத்திரிக்கா மாதிரி வீங்கிக்கீது?

— டிராலி இடிச்சிடுச்சி சார். இங்கதான், லைன்ல.

— டிராலி முட்டி ஒசரம். உன் கண்ணு எதுக்கு அங்க போச்சு?

— ஷூ லேஸ் கட்டிக்கினு இருந்தேன்.

— கேட்டாண்ட போர்டுல இன்னா போட்டுக்கீது?

— விபத்து இல்லாம தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது நாள்.

— நாளைக்கு ஆயிரம். எம்.டி. கேக் வெட்ட வராரு. நீ டிராலின்னு சொன்னா போர்டு சைபர். என் பிரமோஷனும் சைபர். பாக்சிங்ல வாங்கினேன்னு எழுதிக் குடு.

— அது மட்டும் முடியாது சார்.

— ஏம்ப்பா, நீ பாக்சர்தானே?

— மூணு வருசம் ஸ்டேட் சாம்பியன் சார். அப்ப அடி வாங்கினா முதுகுல தட்டிக் குடுத்தாங்க. இப்ப புரொபஷனலாய்ட்டேன். ஒரகடம் ஃபுல்லா போஸ்டரு, 'தொடவே முடியாத செந்தமிழன்'னு. ஞாயித்துக்கிழமை மேட்சு. அடி வாங்கினேன்னு தெரிஞ்சா மேட்ச் நடத்தறவரு என்னைத் தூக்கிடுவாரு.

— அப்ப அடி வாங்கிக்கீற. யாரு அடிச்சது?

— நீங்க போன மாசம் வீட்டு பாத்ரூம்ல வழுக்கி வுழுந்து முன்பல்லு போச்சே... நாங்க யாராச்சும் தோண்டித் தோண்டிக் கேட்டோமா?

— பேச்ச மாத்தாத. பேரு.

— சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக்கீறேன் சார். அவங்க அப்பாவுக்குத் தெரியக் கூடாதாம்.

— அவங்க அப்பன்கிட்ட நான் பேசிக்கறேன். யாரு?

— அந்த அப்பாவே நீங்கதான் சார். உங்க பொண்ணு சுபஸ்ரீ. ஆறு மாசமா வல்லம் பாக்சிங் ஜிம்முக்கு வருது. நேத்து சும்மா பிராக்டீஸ்தான்... கண்ணு தொறந்தா தரையில படுத்துக்கினு கூரையப் பாத்துக்கினு கீறேன்.

— ...இடது கையா?

— ஆமா சார். எப்டிக் கண்டுபிடிச்சீங்க?

— டான்சு பிராக்டீஸ்னு சொல்லிச்சுப்பா... கண்ணாடி முன்னால கைய வீசிக்கினு இருந்துச்சு, நான் டவல் எடுக்க குறுக்க பூந்தேன். நீயும் வீட்டு பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னே எழுதிக் குடு. பல்லு போன அன்னிக்கு நானும் அதான் எழுதிக் குடுத்தேன்.