ஆறாம் அறையின் ஞானத்தாய்

இல்லை சார், அதில் முகம் சுளிக்க ஒன்றுமே இல்லை. பன்றிக் குடலை நன்றாகக் கழுவி, துருவிய உருளைக்கிழங்கைத் திணித்துச் சுடுகிறார்கள், அவ்வளவுதான். கோயா என்று பெயர். ஓரம் சிவந்து மொறுமொறுவென்று இருக்கும்போது சாப்பிட்டால் நீங்களும் இன்னொரு துண்டு கேட்பீர்கள். நான் எப்போதும் கேட்பேன். எங்கள் ஊரில் ரோமா வீட்டு, அதாவது ஜிப்சி வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொடாதவர்கள்தான் அதிகம். அதனால் நான் ஜோலானா என்ற ரோமா பெண்ணின் கட்டிலில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டதை வேடிக்கை பார்க்கவே வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு தடவை பல் தேய்ப்பேன். அது வெறும் பழக்கம்.

என்னை எப்படி நம்பினார்கள் என்றுதானே கேட்டீர்கள்? அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சமநிலைச் சட்டம் வந்த புதிது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சேறும் தகரமுமாகக் கிடக்கிறதே, அந்த ரோமா குடியிருப்பின் வாசலில் ஒரு மின்பலகை வைத்தார்கள். இந்த ஆண்டு அங்கே இன்னும் எத்தனை பிள்ளைகள் பிறக்கலாம் என்று அதில் சிவப்பாக எரியும். பூஜ்யம் வந்துவிட்டால், அடுத்துப் பிறக்கும் பிள்ளையை அரசு இல்லத்துக்கு எடுத்துப் போய்விடுவார்கள். தாய்க்கு முகம்கூடக் காட்ட மாட்டார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம், எங்கள் வெள்ளையர் தெருக்களில், பலகை கிடையாது. இங்கே பிள்ளை பிறந்தால் நகரசபை தொட்டில் அனுப்பும்.

சட்டம் கேட்டது ஊசி மட்டும்தான். போட்டால் சில மாதம் கரு தங்காது, நிறுத்தினால் மறுபடி தங்கும். பெண்களை அதற்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவதுதான் என் வேலை. ஒருத்தியும் வரவில்லை. ஒருத்தி பாத்திரம் கழுவின தண்ணீரை என் தலையில் ஊற்றினாள். பிறகு போலீஸ் நாய்களோடு வந்தது. ஒரு கர்ப்பிணி ஓடி, சேற்றில் குப்புற விழுந்ததைப் பார்த்தேன். எனக்கு அது தாங்கவில்லை. இனிமேல் இங்கே எல்லாம் அன்பால்தான் நடக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நம் பக்கம் ஞானத்தாய் என்றால் யார்? ஞானஸ்நானத்தன்று மெழுகுவத்தி பிடித்துவிட்டு, கேக் சாப்பிட்டுவிட்டுப் போகிறவள். அவர்களுக்கு அப்படியில்லை. கிர்வி என்பார்கள். கூடப் பிறந்தவளைத் திட்டலாம், அடிக்கலாம். கிர்வியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவள் வா என்றால் வர வேண்டும். அதிலும் வெள்ளைத் தோல் கிர்வி கிடைத்துவிட்டால் அந்த வீட்டுக்கே கௌரவம். சுலபத்தில் யாரும் கிடைப்பதில்லை. நான் கிடைத்தேன்.

முதலில் ஜோலானாவிடம்தான் கேட்டேன். பத்தொன்பது வயது. முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

"நீங்களா? எங்க வீட்டுக்குக் கிர்வியா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வெளையாடாதீங்க. எங்க மாமியா கேட்டா மயக்கம் போட்டு விழுந்துடும். அந்த ஒடம்பத் தூக்க இங்க ஆள் இல்ல."

மாமியார் ருஷெனா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "மொதல்ல அது பொறக்கட்டும்டி. அதுக்குள்ள இந்தம்மா மனசு மாறிடும், பாரு."

என் மனசு மாறவில்லை. பிரசவத்தன்று ஆறாம் அறையில் அவள் கூடவே இருந்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் ரோமா பெண்களை அந்த அறையில் மட்டும்தான் போடுவார்கள். பிள்ளை குறுக்கே கிடந்ததால் வயிற்றைக் கிழிக்க வேண்டியதாயிற்று. அறுவை மேஜையிலும் அவள் கையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பெண் பிள்ளை. கண் படாமலிருக்க அதன் மணிக்கட்டில் சிவப்பு நூலைக் கட்டியதும் நான்தான். ப்ரோன்யா என்று என் பெயரையே வைத்தார்கள்.

அதன் பிறகு ஜோலானாவிடம் ஊசி என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. அவளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. "உங்களயெல்லாம் ஊசிக்கு இழுக்கறாங்க இல்ல? என்ன எங்க கிர்வி காப்பாத்துறாங்க" என்று தண்ணீர்க் குழாயடியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். அந்த வாரமே மூன்று வீட்டில் என்னைக் கிர்வியாகக் கேட்டார்கள். அப்புறம் நான் யாரையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. வலி கண்டதும் எனக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். ஆறாம் அறையில் நான் கை பிடிக்காத பெண் இல்லை. பலகையில் எண் குறைவது மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. மாவட்ட அலுவலகம் வாழ்த்து அட்டையோடு பூங்கொத்து அனுப்பியது. உங்கள் கையெழுத்தும் அதில் இருந்தது, சார்.

ஆறாம் அறையில் பிரசவம் பார்க்கிற டாக்டர் ஹுடாக்குக்கு என்னைக் கிண்டல் செய்யாமல் பொழுது போகாது. "இத்தன கறுப்புக் குட்டிக்குத் தாயாயிட்ட, கண்ணாடிய அடிக்கடி பாத்துக்கோ. உன் மூஞ்சியும் நிறம் மாறப்போவுது" என்பார். நான் சிரித்துவிடுவேன். அவர் நல்லவர். கை சுத்தம்.

ஜோலானாவுக்கு இன்னொரு பிள்ளை வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. மாதாமாதம் என்னிடம் வந்து அழுவாள். நான் சத்து மாத்திரை வாங்கித் தருவேன், காஞ்சொறி இலைத் தேநீர் போட்டுக் கொடுப்பேன், நல்லபடியாக நடக்கும் என்பேன்.

ருஷெனா என் முன்னாலேயே கேட்டாள். "ஏண்டி, உன் வயித்துக்குப் பூட்டா போட்டிருக்கு?"

"சாவி உங்க பையன்கிட்டதான் இருக்கு அத்த. அங்க போய்க் கேளுங்க" என்றாள் ஜோலானா. சொல்லிவிட்டு வெளியே போய், என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

ஒரு ஜூலையில் லெவோச்சா மலை மாதாவுக்கு நேர்ந்துகொண்டு நடந்தாள். செருப்பில்லாமல். நானும் கழற்றிவிட்டேன். "கிர்வி வேண்டிக்கிட்டா மாதா தட்ட மாட்டாங்க" என்று என்னை முன்னால் தள்ளினாள். முழங்காலிட்டு மனதார வேண்டினேன். இந்தப் பெண்ணுக்கு மன நிம்மதியைக் கொடு தாயே என்றேன். அழுகை வந்துவிட்டது. அது பொய்யான அழுகை இல்லை.

பிறகு புருஷனோடு இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனாள். போன வசந்தத்தில் அங்கிருந்து போன் செய்தாள். ஒரே சிரிப்பு.

"கிர்வி, இந்த ஊரு டாக்டருக்கு மூளையே இல்ல. வயித்தப் படம் புடிச்சுப் பாத்துட்டு, கருக்குழாய ரெண்டு பக்கமும் அறுத்துக் கட்டியிருக்குங்கறாரு. நான் சிரிச்சிட்டேன். எங்க கிர்வி கையப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நின்னாங்கய்யா, அறுக்க விட்டிருப்பாங்களான்னு கேட்டேன். நம்ப மாட்டேங்கறாரு. இருங்க, போன அவர்கிட்ட குடுக்கறேன், நீங்களே நல்லாக் கேளுங்க."

டாக்டர் ஹலோ என்றார். எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனாலும் ஒன்றும் தோன்றவில்லை. போன் திரும்ப அவள் கைக்குப் போயிற்று.

"கிர்வி? ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

அவள் மூச்சு விடுவது கேட்டது. அப்புறம் "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டாள். அவள் என்னை மேடம் என்று கூப்பிட்டதே இல்லை. தூரம் போனதும் மரியாதை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆமாம், குழாயை அறுத்துக் கட்டச் சொல்லி ஹுடாக்கிடம் சொன்னது நான்தான். சட்டம் சொல்லவில்லை. அவரே முதலில் தயங்கினார். "ஊசியோட நிறுத்திக்கலாமே, ப்ரோன்யா" என்றார். ஊசி என்றால் ஒவ்வொரு தடவையும் அவர்களைக் கேட்க வேண்டும். கேட்டால் முடியாது என்பார்கள். முடியாது என்றால் நாய் வரும். கேட்காவிட்டால் யாருக்கும் வலியில்லை. வயிறு திறந்திருக்கும்போதே முடித்துவிடுங்கள் என்றேன். சுகப்பிரசவம் ஆனவர்களிடம் ஒரு சின்னத் தையல் பாக்கி இருக்கிறது என்று சொல்லிப் படுக்கவைத்தேன். ஜோலானாவில் தொடங்கி, ஆறாம் அறையில் பெற்ற எல்லோருக்கும். ஒருத்திக்கும் தெரியாது. தெரிந்திருந்தால்தானே துக்கம்? இத்தனைக்கும் பின்னால் ஒரு பிள்ளையாவது இல்லத்துக்குப் போயிற்றா, சொல்லுங்கள்.

இப்போது சட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள், பலகையைக் கழற்றிவிட்டார்கள், நீங்களும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு என்னைக் கேள்வி கேட்கிறீர்கள். எனக்கு வருத்தமில்லை.

கொஞ்சம் அந்த ஜன்னல் பக்கம் வந்து பாருங்கள். காலையிலிருந்து பனியில் நிற்கிறார்கள். எல்லோரும் என் ஆறாம் அறைப் பெண்கள். முன்னால் நிற்பது ஜோலானா, இதற்காகவே இங்கிலாந்திலிருந்து வந்திருக்கிறாள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை, ஒருத்தியும் இடத்தைவிட்டு நகரவில்லை. உங்கள் காவலர் ஏன் கேட்டை இரட்டைப் பூட்டாகப் பூட்டினார் என்று எனக்குப் புரியவே இல்லை. கிர்வியை அவர்கள் ஒருநாளும் தனியாக விட மாட்டார்கள். என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார்கள். கேட்டைத் திறக்கச் சொல்லி நானே இறங்கிப் போகட்டுமா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?