காய்ச்சலுக்குத் தேய்த்த சாராயம்

காபி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், டாக்டரம்மா. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அளந்து போடுகிற கை எனக்கு இல்லை. நாற்பதாம் நாள் காரியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் எழுந்து போன பிறகும் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் ஏதோ கேட்க நினைக்கிறீர்கள். என் மகன் வெலிமிருக்கு மறுபடியும் சாராயம் கொடுத்தது யார் என்பதுதானே? சொல்கிறேன். மூடி மறைக்க என்ன இருக்கிறது?

போன இலையுதிர் காலத்தில் அவனை உங்களிடம் கூட்டிவந்ததே நான்தான். அதை மறந்துவிடாதீர்கள். அவன் மனைவி யாஸ்னா வியன்னாவில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்விட்டாள். குடியையும் சிகரெட்டையும் விட்டுவிட்டு வந்தால் சேர்ந்து வாழலாம், இல்லையென்றால் வரவே வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தாள். நீங்கள் அவனைச் சோதித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தீர்கள்.

"ஈரல் பாதி போயிடுச்சும்மா. சிகரெட் தனியாவே ஆளைக் கொல்லும், சாராயமும் தனியாவே கொல்லும். ரெண்டும் சேந்துட்டா ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு கணக்குப் போட முடியாது. இப்ப நிறுத்தினா பொழைச்சுக்குவான்" என்றீர்கள்.

நிறுத்திவிட்டான். அதை யாருமே எதிர்பார்க்கவில்லை, நானும்தான். பக்கத்து வீட்டு மிலோயே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னடா வெல்யா, வெறும் தண்ணியைக் குடிக்கிறியே, உள்ள துருப்பிடிச்சிடப் போவுதுடா" என்று கிண்டல் செய்வான். இவன் சிரித்துக்கொண்டே பிளம்ஸ் மரங்களுக்குக் கவாத்து வெட்டுவான். முகத்தில் நிறம் திரும்பிவிட்டது. முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டிச் சமைத்து வைத்தால் தட்டைக் காலி செய்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "ஈஸ்டர் முடிஞ்சதும் வியன்னாவுக்குக் கிளம்புறேம்மா. கவலைப்படாத, மாசாமாசம் போன் பண்றேன்" என்றான்.

மாசாமாசம். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவன் ஒவ்வொரு சாயங்காலமும் இந்த வீட்டுக்குத்தான் வந்தான். நான்தான் ஷூவைக் கழற்றிவிடுவேன். மடியில் தலை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுவான். குடிகாரன் எங்கேயும் போக மாட்டான், டாக்டரம்மா. தெளிந்தவன்தான் பெட்டியைக் கட்டுகிறான்.

பனி உருகத் தொடங்கியபோது அவனுக்குக் காய்ச்சல் வந்தது. இந்த மொராவா ஆற்றங்கரையில் காய்ச்சலுக்கு என்ன செய்வார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிளம்ஸ் சாராயத்தை நெஞ்சில் தேய்த்து, காலுறையை அதிலேயே நனைத்துக் காலில் மாட்டிவிடுவோம். நீங்களும் சின்ன வயதில் அந்த வாசனையில் தூங்கியிருப்பீர்கள். குடிகாரன் இருக்கும் வீட்டில் சாராயத்துக்குப் பதிலாக வினிகர் தேய்ப்பார்கள். அதுவும் எனக்குத் தெரியும். அடுப்படியில் வினிகர் இருந்தது. நான் சாராயப் புட்டியைத்தான் எடுத்தேன்.

தேய்க்கும்போது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அம்மா, புட்டிய எடுத்துட்டுப் போம்மா. என்னால முடியல" என்றான்.

சரிப்பா என்றேன். புட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், ஸ்டூல் மேல் வைத்தேன். புட்டியோடு வாயில் கவிழ்த்துக்கொள்வது பார்க்க அசிங்கம் என்று ஒரு சின்னக் கிளாஸையும் வைத்தேன். பிறகு கோழிகளுக்குத் தீனி போடப் போனேன். தீனி போட்டு முடித்தும் வெகுநேரம் முற்றத்திலேயே நின்றேன். மறந்துவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடமும் அப்படித்தான் சொன்னேன். மறக்கவில்லை.

உள்ளே போனபோது அழுதுகொண்டிருந்தான். சிகரெட் கேட்டான். அது மட்டும் வேண்டாம்டா என்று எவ்வளவோ சொன்னேன். இரண்டும் சேரக்கூடாது என்று நீங்கள் சொன்னது என் காதிலேயே இருந்தது. ஆனால் ஒன்றைத் தொட்ட கை இன்னொன்றைத் தேடாமல் இருக்குமா? இலையுதிர் காலத்தில் அவன் குப்பையில் எறிந்த சிகரெட் பெட்டியை நான் எடுத்துத் துடைத்து, பரணில் பத்திரமாக வைத்திருந்தேன். நல்ல பொருளை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. அதைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகு பார்த்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். வெறும் வயிற்றில் ஒரு நாளும் கொடுத்ததில்லை. ஈஸ்டர் வந்தது, போனது. பண்டிகைக்குச் சாயம் போட்ட சிவப்பு முட்டைகளை, யாருடையது உடையாமல் நிற்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் மோதி உடைத்தோம். எப்போதும்போல அவனையே ஜெயிக்கவிட்டேன். யாஸ்னா போன் செய்வதை நிறுத்திவிட்டாள். பிளம்ஸ் காய் பிடித்த சமயத்தில், முற்றத்தில் நின்றபடியே ரத்த வாந்தி எடுத்தான்.

ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மறந்துட்டம்மா, அவ்வளவுதான். யாஸ்னாகிட்டயும் அப்படியே சொல்லு" என்றான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவே இல்லை.

கொன்றது நான்தான் என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் ஊற்றிய ஒவ்வொரு கிளாஸையும் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஊற்றினேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தனியாக எப்படி இருக்கப்போகிறாய் என்று இன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நான் எங்கே தனியாக இருக்கிறேன்? கல்லறைத் தோட்டம் மேட்டில்தானே இருக்கிறது. தினமும் போகிறேன். இந்த ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்கிறேன். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து அவன் தலைமாட்டில் மண்ணில் நட்டுவைக்கிறேன். அது கடைசிவரை எரிகிறது. பக்கத்தில் ஒரு கிளாஸ் சாராயத்தை ஊற்றுகிறேன். மண் உடனே இழுத்துக்கொள்கிறது. எடுத்துட்டுப் போம்மா என்று அவன் ஒரு நாளும் சொல்வதில்லை.