இறுக்க மறந்த நட்டு

சாயங்காலம் ஆறே முக்கால். இருட்டும் இல்ல, வெளிச்சமும் இல்ல... அந்த நேரம். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கல்குவாரி, நடுவுல ரோடு. நாலு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. அந்த ரோட்டுல ஒரு கார் தனியா நிக்குது. பானெட் திறந்திருக்கு. டிரைவர் பக்கத்துக் கதவும் திறந்திருக்கு. உள்ள ஆள் இல்ல...

இருடி, அவசரப்படாத. முதல்லருந்து சொல்றேன். யாருக்காவது பாத்ரூம் போகணும்னா இப்பவே போயிட்டு வந்துடுங்க. அப்புறம் நடுராத்திரில துணைக்கு வான்னு என்னை எழுப்பக் கூடாது.

எனக்கு முன்னாடி ரூம்மேட்டா இருந்தாளே, லேப்ல வேலை பாத்தவ... அவளோட அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது இது. அவரு கார் மெக்கானிக். எந்த வண்டி வந்தாலும் கீழ படுத்துப் பாத்துட்டு, "கேஸ்கெட் போயிருக்கு சார்"ம்பாராம். ஹாரன் அடிக்கலைன்னு வந்தாலும் அந்த இன்ஜின் அட்டை, கேஸ்கெட்தான். அதனால ஊருக்கே அவரு கேஸ்கெட். என் ரூம்மேட்டும் 'கேஸ்கெட் அத்தான்'னுதான் சொல்லுவா. சிரிக்காதீங்கடி. வேலையில கெட்டிக்காரர். பதினெட்டு வருஷத்துல ஒரு வண்டி அதே கோளாறோட திரும்பி வந்ததில்ல.

ஒருநாள் மத்தியானம் மருந்துக் கடைக்காரர் தன்னோட வண்டியை விட்டுட்டுப் போனாரு. ஆயில் மாத்தணும், அவ்வளவுதான். அவருக்கு அறுபது வயசு இருக்கும். அதிர்ந்து பேச மாட்டாரு. புள்ளைங்க கிடையாது. வீட்ல அவரும் சம்சாரமும் மட்டும்தான். கடை டவுன்ல, வீடு அந்த ஏரி ரோட்டைத் தாண்டி.

அத்தான் வண்டிக்கு அடியில படுத்து, பழைய ஆயில் வடிக்கிற நட்டைக் கழட்டினாரு. வடிஞ்சு முடிஞ்சதும் நட்டைக் கையாலயே திருகி வச்சாரு. மேல வந்து புது ஆயில் ஊத்தினாரு. கடைசியா ஸ்பேனர் போட்டு இறுக்கணும்... ஸ்பேனரைக் கையில எடுத்துட்டாராம். அப்ப போன் வந்துச்சு. ஸ்கூல்ல புள்ள ஊஞ்சல்லருந்து விழுந்துட்டா, தாடை கிழிஞ்சு ரத்தம் நிக்கலை. ஸ்பேனரை அப்படியே போட்டுட்டு ஓடினாரு.

திரும்பி வரும்போது அஞ்சரை. மருந்துக் கடைக்காரர் வந்து காத்துட்டு நிக்கிறாரு. வண்டி பளபளன்னு நிக்குது. அத்தான் மனசுல ஓடினதெல்லாம் புள்ளைக்குப் போட்ட நாலு தையல்தான். சாவியை எடுத்துக் குடுத்துட்டாரு. அத்தான் சட்டையில ரத்தத்தைப் பாத்து மருந்துக் கடைக்காரர் விசாரிச்சாரு. "தையல் பிரிக்கிற வரைக்கும் தண்ணி படக் கூடாதுப்பா"ன்னு சொல்லி, பையிலருந்து ஒரு களிம்பு எடுத்துக் கையில வச்சுட்டுப் போனாரு.

நட்டு ரோட்டுல எங்கயோ கழண்டு விழுந்துடுச்சு. ஆயில் சொட்டுச் சொட்டா, அப்புறம் மொத்தமா... ஏரி ரோட்டுக்கு வந்தப்ப உள்ள ஒண்ணும் இல்ல. கடகடகடன்னு ஒரு சத்தம். கருகின வாடை. அப்புறம் டங்னு ஒரு அடி... இன்ஜின் ஜாம்.

அவரு இறங்கி குனிஞ்சு பாத்திருக்காரு. ரோட்டுல கருப்பா ஒரு கோடு, வந்த வழியெல்லாம். அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே, நட்டு கிடைக்குமான்னு தேடிக்கிட்டே பின்னால நடந்திருக்காரு. கல்லு ஏத்தின லாரி வளைவுல வந்துச்சு. குனிஞ்சிருந்த ஆளை டிரைவர் பாக்கலை.

அந்தக் கார் எங்க வந்துச்சு தெரியுமா? அத்தான் ஷெட்டுக்கே. கட்டி இழுத்துட்டு வந்து விட்டாங்க. அத்தான் டார்ச் அடிச்சு அடியில பாத்தாரு. நட்டு இருக்க வேண்டிய இடத்துல ஓட்டை... ரொம்ப நேரம் அப்படியே படுத்துக் கிடந்தாராம். அப்புறம் எழுந்து, டப்பாவுலருந்து வேற ஒரு நட்டை எடுத்து, அந்த ஓட்டையில போட்டு... நல்லா இறுக்கினாரு.

ஆமாடி. நானும் இப்படித்தான் திட்டினேன். ஆனா புள்ளைக்கு ஒன்பது வயசு, போலீஸ் கேஸ் ஆனா வீடு என்ன ஆகும்னு அவரு பயந்துட்டாரு.

நாலு நாள் கழிச்சு மருந்துக் கடைக்காரரோட சம்சாரம், அந்தம்மா வந்தாங்க. தனியா. "வண்டிக்கு என்னப்பா ஆச்சு?"ன்னு கேட்டாங்க. அத்தான் தரையைப் பாத்துக்கிட்டே, "ஆயில் கொறைஞ்சா சிவப்பு லைட் எரியும்மா. அதைக் கவனிக்காம ஓட்டியிருக்காரு"ன்னாரு. அந்தம்மா அவரு முகத்தையே பாத்துட்டு, "புள்ளைக்கு எப்படி இருக்கு?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது.

ஒருநாள் சாயங்காலம் ஒரு வண்டிக்கு அடியில படுத்திருக்காரு. பக்கத்துல வந்து நின்ன ரெண்டு காலு தெரியுது. முட்டிக்குக் கீழ மட்டும். பழுப்புச் செருப்பு. விரலெல்லாம் கருப்பு ஆயில். யாரோ வண்டி விட வந்திருக்காங்கன்னு, "யாரு சார்?"ன்னாரு. படுத்திருந்த சக்கரப் பலகையை உருட்டி வெளிய வந்து பாத்தா... ஷெட்டு காலி. கடிகாரத்துல ஆறே முக்கால்.

மறுநாளும் அதே காலு. அதே நேரம். மூணாவது நாள்... அந்த முட்டி மெதுவா மடங்க ஆரம்பிச்சுது. அடியில குனிஞ்சு பாக்கறதுக்கு மடக்குவோமே, அப்படி. அத்தான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு. காதுக்கிட்ட மூச்சு. கருகின வாடை. அப்புறம் ரொம்பத் தணிஞ்ச குரல்ல, கோபமே இல்லாம...

"இறுக்கிட்டியாப்பா?"

அதோட ராத்திரி தூக்கம் போச்சு. அக்கா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறேன்னா, வேணாம்னுட்டாரு. எங்க போகணும்னு அவருக்குத் தெரியும். ஆனா போறதுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.

ஒருநாள் ராத்திரி மருந்துக் கடைக்காரர் வீட்டுக்குப் போனப்ப, அந்தம்மா கதவைத் திறந்து, "வா"ன்னு மட்டும் சொன்னாங்க. முன் ரூம்ல நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. உள்ள, வீட்டுக்குப் பின்னால, குழாய் ஓடுற சத்தம். யாரோ கை தேய்ச்சு தேய்ச்சுக் கழுவுற சத்தம். சோப்பு வாசனை. சொந்தக்காரங்க யாரோ துணைக்கு இருக்காங்கன்னு அத்தான் நினைச்சுக்கிட்டாரு. அப்புறம் எல்லாத்தையும் சொன்னாரு. போன் வந்தது, ஸ்பேனரைப் போட்டது, வேற நட்டு மாட்டினது, பொய் சொன்னது. சொல்லி முடிச்சதும் அந்தம்மா கால்ல விழப் போனாரு. அந்தம்மா தடுத்துட்டாங்க.

"தெரியும்ப்பா"ன்னாங்க. "அன்னைக்கே அவரு வந்து சொல்லிட்டாரு."

அத்தானுக்குப் புரியலை.

"ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தாரு. கையெல்லாம் ஒரே கருப்பு. 'வண்டி வழியில நின்னுடுச்சு, நடந்தே வந்துட்டேன். பாவம், புள்ள விழுந்த பதட்டத்துல நட்டை இறுக்க மறந்துட்டான். அவனா வந்து சொல்லுவான், நீயா எதுவும் குத்திக் காட்டிடாத'ன்னாரு. சொல்லிட்டுக் கை கழுவப் போனாரு. ஏழரைக்குப் போலீஸ்லருந்து போன். 'தப்பா கூப்பிட்டுட்டீங்க, எங்க வீட்டுக்காரரு உள்ள கை கழுவிட்டு இருக்காரு'ன்னு சொல்லி வச்சுட்டேன்..."

அத்தான் திரும்பி உள்பக்கம் பாத்தாரு. குழாய் இன்னும் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

"தினமும் வர்றாரு"ன்னாங்க அந்தம்மா. "அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசலை. கழுவிக்கிட்டே நிப்பாரு, கறை போகவே மாட்டேங்குது. நான் பக்கத்துல துண்டோட நிப்பேன். கடையில நடந்தது, பக்கத்து வீட்டுல நடந்ததுன்னு ஏதாவது சொல்லிக்கிட்டு இருப்பேன். விடியக்காலை வரைக்கும்கூட நின்னிருக்கோம்..."

குழாய் நின்னுச்சு.

வீடே அமைதியாயிடுச்சாம். அந்தம்மா பேச்சை நிறுத்திட்டுக் காது குடுத்துக் கேட்டாங்க. எழுந்து வேகமா உள்ள போனாங்க. "ஏங்க"ன்னு ஒரு தடவை கூப்பிட்டது கேட்டுச்சு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை... பின்கதவு திறந்து மூடுற சத்தம். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல.

திரும்பி வந்தப்ப கையில ஒரு வெள்ளைத் துண்டு. துடைச்சுக் கசக்கின மாதிரி ஈரமா இருந்துச்சாம். ஒரு பொட்டுக் கறை இல்ல. அதை மடியில வச்சு, மடிச்சு, திரும்பப் பிரிச்சு, திரும்ப மடிச்சுக்கிட்டே அந்தம்மா சொன்னாங்களாம்...

"இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு வந்திருக்கக் கூடாதாப்பா நீ."