போர்வையின் மறுமுனை

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, மார்க்க அறிவில் ஆன்றவிந்த ஆலிம் பெருமக்களே, பெரியோர்களே, பேரன்பின் பிறப்பிடமான தாய்மார்களே, இடமில்லாமல் வாசலில் நிற்கும் தோழர்களே, உங்கள் எல்லார்மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும்.

பாடத் தெரிந்தவர்கள் எல்லாரும் பின்னால் இருக்க, பாட வராத என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். எங்கள் பாட்டுக் குழுவில் எனக்குப் பெயரே கட்டைத்தொண்டை. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், என் வீட்டிலும் அப்படித்தான்.

நாங்கள் பாடுவது இறைப்புகழ். ஆர்மோனியம் இல்லை, வயலின் இல்லை, தாளத்துக்கு ஒரு தட்டுக்கூட இல்லை. வாயே வாத்தியம், மூச்சே முதல். அந்த மூச்சைத் தந்தது யார்? தந்தவனிடமே அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதல்லவா இந்தப் பாட்டு? வாத்தியம் இருந்தால் பாடகன் தடுமாறுவதை அது மூடிவிடும். எங்களுக்கு அந்த மறைப்புக் கிடையாது. ஒருவர் நின்றுபோனால் பக்கத்தில் இருப்பவர்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும்.

இதோ இருக்கிறாரே இஸ்திரி அண்ணன், எங்கள் முதற்குரல். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். அவரும், அண்ணியும், நானும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிப் போர்வைகள் குவிந்து கிடக்கும். பெரிய போர்வையைத் தனியாள் மடிக்க முடியாது. ஒரு முனையை அண்ணன் பிடிப்பார், மறுமுனையை அண்ணி பிடிப்பார். மடித்தபடியே அண்ணன் பாடுவார்: "தந்தாய், உனக்கே நன்றி." அண்ணி அடுத்த அடியை முணுமுணுப்பார்: "எடுத்தாய், உனக்கே நன்றி."

போன வருடம் காய்ச்சலில் படுத்த அண்ணி எழுந்திருக்கவேயில்லை.

அண்ணன் வேலைக்குத் திரும்பினார். மறுமுனையை நான் பிடித்தேன். பாட்டுப் பயிற்சிக்கும் வந்தார். முதல் அடியைப் பாடுவார். இரண்டாம் அடியில் நின்றுவிடுவார். ஒருநாள் போர்வையைப் பிடித்தபடியே என்னிடம் கேட்டார்: "மனசுல வராததை வாயால எப்படிடா சொல்றது? அது பொய்யாயிடாதா? நான் பாட்டையே விட்டுடறேன்."

நான் என்ன மார்க்கம் படித்தவனா? கையிலிருந்த முனையைத் தூக்கிக் காட்டினேன். "நீங்க உங்க முனையைப் பிடிங்கண்ணே. இந்த முனையை நாங்க பிடிச்சுக்கறோம். உங்களுக்கு எப்ப வருதோ அப்ப வரட்டும்."

அன்றிலிருந்து இரண்டாம் அடியை நாங்கள் பாடுகிறோம், இந்தக் கட்டைத்தொண்டையும் சேர்த்துத்தான். கூடிப் பாடுவது எதற்கு? குரலைக் காட்டவா? கூட்டத்தைக் கூட்டவா? இல்லை, பெருமக்களே. நன்றி சொல்ல நா எழாதவனுக்காக நாலு பேர் நன்றி சொல்லி நிற்பதற்கு. எனக்கு அது சலவைக்கூடத்தில்தான் விளங்கியது.

இப்போது அண்ணன் அந்தப் பாடலைப் பாடப் போகிறார். இரண்டாம் அடி வருமா? அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் நின்றுவிட்டால் உச்சுக்கொட்டாதீர்கள். கைதட்டாதீர்கள். பாடுங்கள். என்னம்மா, குரல் நன்றாயிருக்காதா? என்னைவிட நன்றாகத்தான் இருக்கும், தைரியமாகப் பாடுங்கள்.

மூச்சைத் தந்தவனுக்கு நன்றி. அண்ணியைத் தந்தவனுக்கு நன்றி. பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மைக்கை அண்ணனிடம் கொடுக்கிறேன். மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். அஸ்ஸலாமு அலைக்கும்.