கில்கே கரையிலிருந்து வீட்டை இழுத்துச் சென்றது

இல்லை, திருடவில்லை. இழுத்துச் சென்றேன். பட்டப்பகலில், ஊரைக் கூட்டி.

என் பெயர் யாஸ்னா கார்கமோ. வயது இருபத்தொன்பது. பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். முகவரி, சென்ற சனிக்கிழமை காலைவரை சிலோயே தீவு, கில்கே கரை. மாலையிலிருந்து எதிர்க்கரையான நாலுயே. வீடு அதேதான்.

கில்கேயில் வீடு நின்ற நிலம் என் சித்தப்பா ரெனாத்தோவின் பெயரில் இருந்தது. வீட்டைக் கட்டியவர் காலமான என் அப்பா. சில வருடங்களாகத் தலைநகர ஆட்கள் வந்து கடல் தெரியும் மேடுகளை வாங்குகிறார்கள். உருளைக்கிழங்கு வயல்கள் மனைகளாயின. என் வகுப்பில் பிள்ளைகள் குறைந்தார்கள். நாய்களுக்கு முடி வெட்டும் கடை வந்தது. அதன்பின் சித்தப்பாவும் என்னிடம் சொல்லாமல் திரு. கொன்சாலோ ஆல்துனாத்தேவுக்கு நிலத்தை விற்றார். அதன்பின் ஆல்துனாத்தே வந்து, வீடும் விலையில் சேர்ந்ததென்று சித்தப்பா சொன்னதாகவும், அதை விருந்தினருக்கு வாடகைக்கு விடப்போவதாகவும், மாத முடிவில் நான் வெளியேற வேண்டும் என்றும் கூறினார். என் ஜன்னலைப் படம் பிடித்தார். உள்ளே நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடுகள் மரத்தாலானவை. கட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்பவை, மண்ணில் புதைந்தவை அல்ல. இடம் மாறினால் வீட்டோடு மாறுவோம். அந்த இழுப்புக்கு மிங்கா என்று பெயர். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. வீட்டுக்காரி ஒவ்வொரு வாசலிலும் தானே போய் நின்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

நாலுயேயில் அம்மா வழியில் எனக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. அங்கிருந்து கடல் தெரியாது. அதனால் யாரும் விலை பேச வரவில்லை.

எல்லா வாசல்களிலும் கேட்டேன். சித்தப்பாவின் வாசலில் மட்டும் நிற்கவில்லை.

சனிக்கிழமை கதவுகளைக் கழற்றினோம். அடியில் உத்திரங்களைச் செருகி, மாடுகளைப் பூட்டி, கடற்கரைக்கு இழுத்தோம். கடல்நீர் ஏறும்போது வீடு மிதக்கும், படகு இழுத்துப் போகும் என்பது ஏற்பாடு. மணலுக்கு வந்ததும் ஒரு பக்கம் சேற்றில் இறங்கியது. மாடுகள் மண்டியிட்டன. தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சரிந்தபடி நின்றால் வீடு மிதக்காது, உடையும்.

அப்போது ஆல்துனாத்தே ஓடி வந்தார்.

"என் வீடு! போலீசைக் கூப்பிடுறேன்!"

இழுப்பை நடத்திய ஊர்ப் பெரியவர் டோன் எரிபெர்த்தோ அவர் பக்கம் ஒரு கயிற்றை எறிந்தார். "உங்க வீடா? அப்ப இதப் பிடிங்க ஐயா. இங்க வீட்டுக்காரங்க சும்மா நிக்கிறது வழக்கமில்ல."

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எரிபெர்த்தோ என்னிடம் திரும்பினார்.

"உன் சித்தப்பன் மாடு இருந்தா ஏறிடும், புள்ள. போய்க் கேளு."

"அவர்கிட்டயா?"

"கேக்காம விட்டா அவனுக்குத்தான் வசதி. கேளு, மாட்டிக்கட்டும்."

சித்தப்பா தன் வேலியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சேற்றுக் காலோடு அவர் முன் போய் நின்றேன்.

"சித்தப்பா, மாட்ட ஓட்டிட்டு வாங்க. கேக்குறேன்."

"அந்த ஆளுகிட்ட வீட்டயும் சேத்துச் சொல்லிட்டேனே."

"தெரியும். கேக்குறேன்."

வேலிப் படலைத் திறந்தார்.

"கேட்டுத் தொலைச்சிட்டியே," என்றார். நுகத்தடியை எடுத்தார்.

கரையில் மாடுகளைப் பூட்டியபடி, எல்லோர் காதிலும் விழும்படி ஆல்துனாத்தேயிடம் சொன்னார்: "நெலந்தான் உங்களுது ஐயா. வீடு எங்க அண்ணன் கட்டுனது, இவளுது. நான் சொன்னது பொய்." இதைக் கேட்டவர்கள் அனைவரும் சாட்சி சொல்வார்கள்.

அதன்பின் எரிபெர்த்தோ குரல் கொடுத்தார். இழுத்தோம். மரம் முனகியது. ஏறியது.

வீடு மிதந்தது.

நான் படகின் பின்புறம் உட்கார்ந்து, என் சமையலறை என்னைத் தொடர்ந்து கடலில் வருவதைப் பார்த்தேன். நாலுயேயில் வேறு மாடுகள் காத்திருந்தன. இருட்டுமுன் என் நிலத்தில் நிறுத்தினோம். சுட்ட கற்களின் மேல் சிப்பியும் கிழங்கும் வேகவைத்து எல்லோருக்கும் பரிமாறினேன். சித்தப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சேதம், ஒரு ஜன்னல் கண்ணாடி. என்னுடையது.

இந்த வாக்குமூலத்தில் நான் சொன்னதே எழுதப்பட்டுள்ளது. வாசித்தேன். எதையும் மாற்றச் சொல்லவில்லை.

யாஸ்னா கார்கமோ

வாக்குமூலத்தைப் பதிந்த காவலரின் குறிப்பு: கையெழுத்திட்டதும், கதவு இன்னும் மாட்டவில்லை என்று கூறி, மேற்படியார் கீல்கள் வாங்கக் கடைத்தெருவுக்குச் சென்றார்.