கலங்காத கரைசல்

சாருலதாவின் கையெழுத்து அழகானது. அவளுடைய சோதனைக் குறிப்பேட்டைப் படிக்க, இதை விசாரிக்கும் உங்களுக்குச் சிரமம் இருக்காது. அடையாறில் ஒரே ஆய்வகத்தில், ஒரே மேஜையில் நாங்கள் நான்கு வருடம் வேலை பார்த்தோம்.

வேலையைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். டிஎன்ஏ இழைக்கு எதிர்மின்னூட்டம். சோப்பு போன்ற சில மூலக்கூறுகள் தண்ணீரில் ஒன்றுகூடி நுண்ணிய உருண்டைகளாகும். அவற்றின் நேர்மின்னூட்டம் ஓர் அளவைத் தாண்டியதும் இழை அவற்றோடு ஒட்டித் திரண்டுவிடும். தெளிந்த கரைசல் பால்போல் கலங்கும். அந்த அளவு எது என்று 1996 ஜூலையில் சாருலதா கண்டுபிடித்தாள். எனக்கு இரண்டு வருடமாக எதுவும் கிடைத்திருக்கவில்லை.

பேராசிரியர் ராகவேந்திரன் அவளிடம், "இன்னும் மூணு தடவை பண்ணிக் காட்டும்மா, பேப்பர் அனுப்பிடலாம்" என்றார். அன்று மத்தியானம் அவள் சாப்பிடப் போனபோது அவளுடைய கரைசல் பாட்டிலில் உப்பு சேர்த்தேன். உப்பு கூடினால் இரண்டு மின்னூட்டங்களுக்கும் இடையிலான ஈர்ப்பு மங்கிவிடும்; கரைசல் கலங்காது. அவள் இரண்டு வாரம் தாமதித்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

ஐந்து மாதம் சேர்த்தேன். தப்பு என்று தெரியும். ஒவ்வொரு முறையும் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன்.

"நீ ஒருதரம் பண்ணிப் பாரேன், சொர்ணம். எனக்கு என்மேலயே நம்பிக்கை போயிடுத்து" என்றாள் சாருலதா.

என் பாட்டிலில், உப்பில்லாமல் செய்தேன். உடனே கலங்கியது. அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, "எனக்கும் வரல, சாரு" என்றேன்.

பேராசிரியர் கேட்டபோது, முதல் எண்களை அவள் ஊகித்து எழுதியிருக்கலாம் என்றேன். கடைசியில் அவளே அதை நம்பி, அப்படித்தான் செய்திருப்பேன் என்று கடிதம் எழுதிக் கொடுத்தாள். அதிலிருந்த எழுத்துப்பிழைகளை நான்தான் திருத்தினேன். அவளை நீக்கினார்கள். பிப்ரவரியில் அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். அடுத்த வருடம் அந்த அளவு என் பெயரில் வெளிவந்தது.

சாருவின் ஈமக் காரியங்கள் முடிந்ததுமே மயிலாப்பூருக்குப் போய் அவளுடைய அம்மா அபயாம்பாளைப் பார்த்தேன்.

"நீ கூடவே இருந்தியே. எம் பொண்ணு பொய்க்கணக்கா எழுதினா?"

"வேணும்னு எழுதல மாமி. மனசு குழம்பிப்போச்சு அவளுக்கு."

மாமி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீயாவது அவள புரிஞ்சுண்டியே."

நான் செய்தவை இவ்வளவுதான். அந்தத் தாய்க்கு ஆறுதல் சொன்னதையும் நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.